ஏழாவது வீட்டார்

கோயில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஆங்கிலேயப் பயணி, மீசையில் ஒட்டியிருந்த மோரைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துக்கொண்டே, ஹவோட் ஓயர் வீட்டார் தங்கமான மனிதர்கள் என்று சொன்னார். மலைமேல் மழை பிடித்துக்கொண்டதாம். கதவைத் தட்டியதும் திறந்தார்களாம். அடுப்போரம் உட்காரவைத்து, ஓட்ஸ் ரொட்டியும் மோரும் கொடுத்தார்களாம். புத்தகத்தில் போட்டிருப்பது எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது என்று, அக்குளில் இடுக்கியிருந்த தடித்த புத்தகத்தைத் தட்டிக் காட்டிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார்.

குருவானவர் மெய்ரிக் சாவியைப் பிடித்தபடி குருமனை வாசலிலேயே நின்றார். குளம்பொலி பாலத்தைத் தாண்டி ஓடைச் சத்தத்தில் கரைந்துபோகும்வரை நின்றார். ஹவோட் ஓயரில் வீடு கிடையாது. கோடையில் மாடு ஓட்டிப்போனவர்கள் தங்கிய மலைக்குடில் ஒன்று எந்தக் காலத்திலோ அங்கே இருந்தது. கூரை போய், சுவர் சரிந்து, இப்போது இடுப்பளவு கற்குவியலாகக் கிடக்கிறது. உள்ளே செந்தட்டி மண்டியிருக்கிறது. பயணி வழி தவறி வேறு வீட்டில் நுழைந்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தச் சரிவில் வேறு வீடே இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம், ஹவோட் ஓயரில் ஆள் இருப்பதாக அந்தப் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தவரே மெய்ரிக்தான்.

வேல்ஸ் மலைக்குள் ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த சில வீடுகளுமான எங்கள் லான்விதெல் சேகரத்தை யாரும் வந்து பார்த்து எழுதியதில்லை. நூறு வருடத்துக்கு முன்பு ஒருவர் கணவாயில் குதிரையை நிறுத்தி, மூடுபனிக்குள் எட்டிப் பார்த்து, இருண்ட, ஈரமான சேகரம் என்று குறித்துக்கொண்டு போனார். அடுத்து எழுதியவர் அதைக் காப்பியடித்து, ‘மிக’ என்று ஒரு சொல் சேர்த்தார். மூன்றாமவர் இல்லாத ஏரி ஒன்றைச் சேர்த்தார். அந்த ஏரியைத் தேடி வந்து, சதுப்பில் முழங்கால்வரை புதைந்து, எங்களைத் திட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. புத்தகம் எழுதுகிறவர்களுக்கு முழங்கால் நனைவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு லண்டன்காரர்கள் சிலர் வேல்ஸ் நாட்டுச் சேகரங்கள் அத்தனையையும் அகர வரிசையில் போடப்போவதாகக் கிளம்பி, குருவானவர்களுக்கெல்லாம் அச்சடித்த கேள்வித்தாள் அனுப்பினார்கள். எத்தனை வீடு, எத்தனை பேர், பழங்காலத்துக் கல் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். அதே மாதத்தில் பேராயரின் அலுவலகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. ஏழு வீட்டுக்குக் குறைந்த சேகரங்களைப் பக்கத்துச் சேகரத்தோடு சேர்த்துவிடுவார்கள், கோயில் பூட்டப்படும், குருமனையும் பூட்டப்படும்.

லான்விதெல்லில் ஆறு வீடுகள்.

மெய்ரிக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. மனைவி இல்லை. கப்பலில் போன தம்பியிடமிருந்து பதினோரு வருடமாகக் கடிதம் இல்லை. இங்கே வருவதற்கு முன்பு கடற்கரை நகரம் ஒன்றில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தார். ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் எழுந்திருக்காமல் கிடந்தபோது, படிக்கட்டில் ஏறி இறங்கிய ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை. ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்தார். அந்த அறைக்குத் திரும்புவதைத் தவிர வேறு எதற்கும் அவர் தயாராக இருந்தார். குருமனை ஒழுகும், அதன் புகைபோக்கி காற்றடித்தால் புகையை அறைக்குள்ளேயே தள்ளும். ஆனாலும் அது அவர் வீடு. சாகும்வரை இருக்கலாம் என்று அவர் நம்பிய ஒரே வீடு.

அதனால் ஏழு என்று எழுதினார். ஏழாவதற்குப் பெயர் வேண்டியிருந்தது. ஹவோட் ஓயர் என்று போட்டார். பெயர் மட்டும் போட்டால் நம்பமாட்டார்களோ என்று, பழமையான குடும்பம், நால்வர், அமைதியானவர்கள், விருந்தோம்பல் உடையவர்கள் என்று ஒரு வரி சேர்த்தார். புத்தகம் அச்சாகி வந்தது. பேராயரின் அலுவலகத்தார் மலையேறிப் பார்ப்பதற்குப் பதில் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். லான்விதெல் தப்பித்தது.

பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் வெளியே சொல்ல வெட்கப்பட்டார். எங்கள் பக்கம் டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஹூவாவின் மனைவி கைனோர் சூப்புப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனபின், மறுநாள் காலைவரை மெய்ரிக்கிடம் பேச ஆள் கிடையாது. ஒரு மாலை, வேடிக்கைக்குத்தான், எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, ஹவோட் ஓயர்காரரே, போன ஞாயிறு பிரசங்கம் எப்படி என்று கேட்டார். நீளம் என்று அவரே பதிலும் சொன்னார். சிரித்தார். நாளடைவில் அது வழக்கமாகிப்போனது. வீட்டுக்காரர் வேதத்தில் வாதாடுவார், வீட்டுக்காரி, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று கடிந்துகொள்வாள், பெரிய பெண் எதையாவது வாசித்துக் காட்டுவாள், சின்னவன் தூங்கிவிடுவான். நால்வருக்காகவும் மெய்ரிக்கே பேசினார். இரண்டு குளிர்காலம் அப்படிப் போயிற்று. உண்மையைச் சொன்னால், அவர் வாழ்வில் அதைப்போல் சந்தோஷமான மாலைகள் இருந்ததில்லை.

பயணி போன மறுநாள் காலையில் மெய்ரிக் மேலே ஏறிப்போனார். சூரியன் எட்டிப் பார்க்காத நாள். பனித்துளி கோத்த புல் காலுறையை நனைத்தது. எங்கோ ஆடு ஒன்று இருமியது. கற்குவியல் கற்குவியலாகவே கிடந்தது. செந்தட்டி செந்தட்டியாகவே நின்றது. அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பயணி எங்கேயோ குடித்துவிட்டுக் கனவு கண்டிருக்கிறான் என்று வாய்விட்டுச் சிரித்தார். மூச்சு வாங்க, பழைய அடுப்பு இருந்த இடத்துக் கல்லின்மேல் கையை ஊன்றி உட்காரப்போனவர், கையை வெடுக்கென்று எடுத்தார்.

கல் சூடாக இருந்தது. தொடர்ந்து எரிந்து, அப்போதுதான் சாம்பல் மூடிய அடுப்பின் சூடு.

அதன்பின் மூன்று வாரம் அவர் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மாலைப் பேச்சையும் நிறுத்திவிட முயன்றார். இரண்டு நாளில் பொறுக்கமுடியாமல் மறுபடி தொடங்கினார். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

எங்கள் பக்கக் கோயில்களில் பெஞ்சு வீட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. வீட்டின் பெயரைப் பெஞ்சின் முதுகில் சூட்டுக்கோலால் பொறித்திருப்பார்கள். வீட்டில் ஆள் இல்லாமல் போனாலும் அந்தப் பெஞ்சில் வேறு வீட்டார் உட்காரமாட்டார்கள். ஆறு வீட்டில் ஐந்து வீட்டார் மெதடிஸ்ட் சபைக்குப் போகத் தொடங்கி வருடங்கள் ஆயிற்று. அங்கே பிரசங்கம் சூடாக இருக்குமாம். ஞாயிறுதோறும் பென்லான் வீட்டுப் பெஞ்சில் ஹூவாவும் கைனோரும் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற ஐந்து பெஞ்சுகளும் தூசி படிந்து கிடக்கும். அக்டோபரில் ஒரு ஞாயிறு, வேதத்தை மூடிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் தூசி இல்லாத பெஞ்சு ஒன்று பட்டது. வடக்குச் சுவரோரம், கடைசியில். பளபளவென்று தேய்ந்திருந்தது. பரம்பரை பரம்பரையாக ஆள் உட்கார்ந்து எழுந்த தேய்மானம். அருகே போய் முதுகில் பொறித்திருந்ததை விரலால் தடவிப் படித்தார். ஹவோட் ஓயர்.

மெழுகுவத்திகளை அணைத்துக்கொண்டிருந்த ஹூவாவிடம், இந்தப் பெஞ்சை யார் கொண்டுவந்து போட்டது என்று கேட்டார். கேள்வியே ஹூவாவுக்குப் பிடிக்கவில்லை.

“யாரு போடணும்? எங்கப்பா கோயில்பிள்ளையா இருந்தப்பவே இங்கதான் கிடந்துச்சு. நாந்தான் அதுல தூங்கி அடி வாங்கியிருக்கேன்.”

“ஒன்பது வருஷத்துல நான் இத ஒரு தடவகூடப் பாக்கலியே ஹூவா.”

“நீங்க எங்க ஐயா ஆளப் பாத்தீங்க? புத்தகத்தப் பாத்துத்தானே பிரசங்கம் பண்றீங்க” என்று சிரித்தார் ஹூவா. “முன்னால உக்காந்திருக்கிற எங்க ரெண்டு பேர்ல யாருக்கு மூக்கு வளைஞ்சிருக்குன்னு கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியாது.”

மெய்ரிக்கும் சிரித்துவைத்தார். வீடு திரும்பியபின்தான், யாருடைய மூக்கு வளைந்தது என்று தனக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது உறைத்தது.

நவம்பரில் டீ ஈசா வீட்டுப் பெரியவர் ரோலன்ட் இறந்தார். எந்தச் சபைக்குப் போனாலும் கடைசியில் கோயில் மண்ணுக்குத்தான் வந்தாகவேண்டும். பாடை சுமக்க வீட்டுக்கு ஒருவராவது வரவேண்டும் என்பது ஊர்க்கட்டு. ஒவ்வொரு வீட்டு எல்லை வந்ததும் அந்த வீட்டார் தோள்கொடுப்பார்கள். பாடை நிற்காது, நடந்தபடியே தோள் மாறும். குருவானவர் முன்னால் நடப்பார். அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.

மெய்ரிக் நடந்தார். மழை விட்டிருந்தது. கல்சுவர்களுக்கு நடுவே குறுகிய பாதை. நனைந்த கம்பளியின் வாடை, மிதிபட்ட சாணத்தின் வாடை, எங்கோ சதுப்பு மண்கட்டி எரியும் வாடை. பின்னால் இருபது பேருடைய மரக்காலணிகள் முன்னும் பின்னுமாகக் கடகடத்துக்கொண்டு வந்தன, யாரோ இருமினார்கள், யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். பென்லான் எல்லை வந்தது, தோள் மாறியது. அடுத்த எல்லை, மறுபடி மாறியது. ஹவோட் ஓயருக்குப் போகும் ஒற்றையடித்தடம் பிரியும் இடத்தில், எல்லையே இல்லாத இடத்தில், இன்னொரு முறை தோள் மாறும் முனகல் கேட்டது.

காலணிச் சத்தம் மாறிவிட்டது.

சுமப்பவர்களின் காலடி இப்போது ஒரே அடியாக விழுந்தது. நால்வருக்கும் ஒரே கால். இடது. வலது. இடது. மெய்ரிக் தன் நடையை வேகமாக்கினார், அதுவும் வேகமானது. தயங்கினார், அதுவும் தயங்கியது. தன்னுடைய காலடியோடுதான் அது சேர்ந்து விழுகிறது என்று அவருக்குப் புரிந்தது. காற்று பின்னாலிருந்து வீசியது. அதில் புகையிலை வாடை வந்தது. அவர் பிடிக்கும் புகையிலை. கடற்கரை நகரத்திலிருந்து அவருக்கு மட்டும் வருகிற, கிராம்பு கலந்த புகையிலை.

அவர் திரும்பவில்லை. வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு என்று ஊரார் நினைத்திருப்பார்கள். பயம்தான், வேறொன்றுமில்லை.

அன்று மாலை சூப்பு கொண்டுவந்த கைனோரை அவர் உட்காரச் சொன்னார். ஒன்பது வருடத்தில் முதல்முறை. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஹவோட் ஓயர்காரர்களைத் தெரியுமா என்று, முகத்தைச் சூப்புக்கு நேரே வைத்துக்கொண்டு கேட்டார். தெரியாமல் என்ன, அவர்கள் உண்டு அவர்கள் வேலை உண்டு என்று இருப்பவர்கள், ஆனால் பேச உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது என்றாள். நேற்றுகூட வெண்ணெய் வாங்கப் போயிருந்தாளாம்.

“அவரு சொல்றாரு, யோனா மீன் வயித்துல மூணு நாள் கிடந்தது பெரிசில்லையாம். வெளிய வந்தப்புறம் அதச் சொல்றதுக்கு அவனுக்கு ஒரு ஆள் இருந்துச்சாங்கிறதுதான் பெரிசாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு ஐயா. எப்படியெல்லாம் யோசிக்கிறாங்க.”

மெய்ரிக் கரண்டியைக் கீழே வைத்தார். அது முந்தாநாள் இரவு இதே மேசையில் காலி நாற்காலியின் சார்பில் அவர் சொன்ன வார்த்தை. குரலைத் தாழ்த்திச் சொன்னது. கதவு சாத்தியிருந்தது.

“ஒரு நட போயிட்டு வாங்களேன்” என்றாள் கைனோர் எழுந்துகொண்டே. “ஐயா எங்க வாசப்படிய மிதிக்கவே மாட்டேங்கிறாருன்னு அந்தம்மாவுக்கு ரொம்பக் குறை. நீங்க வரலன்னா அவங்களே எறங்கி வர்றதாச் சொல்றாங்க.”

அன்றோடு அவர் மாலையில் வாயைத் திறப்பதை நிறுத்தினார். உண்மையாகவே நிறுத்தினார். ஐந்து மணி, ஆறு மணி, ஏழு மணி என்று அடுப்பெதிரே வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடைச் சத்தம் மட்டும். கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும். பேச்சு தொண்டைவரை வந்து முட்டும், விழுங்கிக்கொள்வார். அந்த நாட்களின் தனிமையை அதற்குமுன் அவர் அறிந்ததில்லை; நகரத்துக் காய்ச்சல் அறைகூட இவ்வளவு வெறிச்சென்று இருந்ததில்லை. நாலைந்து நாள் கழித்து, கோயிலில் வேதம் வாசிக்கையில் குரல் கம்மியது. ஜலதோஷம் என்று நினைத்தார். ஹூவா தேன் கொடுத்தார். தேனுக்குத் தொண்டை மசியவில்லை. நாளுக்கு நாள் குரல் மெலிந்துகொண்டே போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகலில் பேராயர் அனுப்பிய தலைமைக் குரு கிஃபின் கோவேறு கழுதையில் வந்து இறங்கினார். பருத்த மனிதர், கீல்வாதக்காரர், மனம் கெட்டவர் இல்லை. பக்கத்துச் சேகரத்துக் குருவானவர், லான்விதெல்லில் ஆறு வீடுதான் என்று பேராயருக்கு எழுதிப்போட்டிருக்கிறாராம். மறுநாள் விடிவதற்குமுன் பிளகைன் ஆராதனை. அதற்கு மெதடிஸ்டுகள்கூட வந்துவிடுவார்கள். அவர்களுடைய சண்டையைவிடப் பிளகைன் பழையது. வீட்டுக்கு ஒரு பாட்டு. யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள். அந்தந்த வீட்டார் தாங்களாக எழுந்து, மெழுகுவத்தியோடு முன்னால் வந்து பாடிவிட்டுப் போய் உட்காருவார்கள். பாட்டை எண்ணினால் வீட்டை எண்ணியதாகிவிடும் என்று கணக்குப்போட்டு வந்திருந்தார் கிஃபின்.

சாப்பாட்டுக்குப்பின் அவர் காலை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு, நேராகவே கேட்டார்.

“உள்ளதச் சொல்லிடுங்க மெய்ரிக். ஆறுன்னா ஆறுன்னு சொல்லிடலாம். நான் ஒண்ணும் பெரிசாக்க மாட்டேன். நகரத்துல உங்களுக்கு ஒரு அறை பாத்துக் குடுக்கச் சொல்லியிருக்கேன். மாடி அறைதான், ஆனா காத்து வரும்.”

மெய்ரிக் அடுப்பைப் பார்த்தார். இதுதான் சமயம் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். அந்தப் பெஞ்சு போய்விடும், அந்தக் காலடி போய்விடும், மலைமேல் கல் குளிர்ந்துவிடும். வாயைத் திறந்தார். மாடி அறையின் படிக்கட்டுச் சத்தம் காதில் விழுந்தது. ஏறுகிற, இறங்குகிற, நிற்காத சத்தம்.

“ஏழு வீடும் இருக்கு” என்றார். எலி கீச்சிட்டது போலத்தான் குரல் வந்தது. “காலையில நீங்களே பாப்பீங்க.”

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

காலை ஐந்தரை மணி. கோயிலுக்குள் இருட்டு. பீடத்தின்மேல் இரண்டு மெழுகுவத்தி, அவ்வளவுதான். கொழுப்பு மெழுகின் கருகல் நாற்றமும், ஈரக் கம்பளியும், ஆள்மூச்சும் சேர்ந்து கூரைக்குக் கீழே கனத்து நின்றன. முதல் பாட்டுக்குப் பென்லான் வீட்டார் எழுந்தார்கள். ஹூவாவின் தடித்த குரலும் கைனோரின் கீச்சுக் குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. பிறகு இருட்டு. பிறகு டீ ஈசா. பெரியவர் இல்லாததால் பாட்டு பாதியில் தடுமாறி, பிறகு சேர்ந்துகொண்டது. பிறகு இருட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் கிஃபினுடைய பென்சில் தாளில் கீறும் ஓசை. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

ஆறாம் வீட்டார் போய் உட்கார்ந்தார்கள். மரக்காலணிகள் அடங்கின. இருமல் அடங்கியது.

மெய்ரிக் பீடத்தருகே நின்றார். யாரும் எழவில்லை. எழ யாரும் இல்லை. அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது, நிம்மதியில். தானாகச் சொல்ல முடியாததை இந்த மௌனம் சொல்லிவிடும். போகட்டும். மாடி அறைதானே. காற்று வரும்.

வடக்குச் சுவரோரம் பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது.

காலடி. ஒரே அடியாக. இடது. வலது. நான்கு மெழுகுவத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டார் எழுந்து போவதைப் பார்ப்பதுபோல் சும்மா இருந்தார்கள். கம்பளிப் போர்வைகள். பெரிய தொப்பி ஒன்று, குல்லாய் இரண்டு, சின்னதாக ஒன்று. வெளிச்சம் கையளவுதான் இருந்தது. அதற்குமேல் முகம் தெரியவில்லை.

பாடினார்கள்.

வீட்டுக்காரர் பாடினார், மெய்ரிக்கின் குரலில். வீட்டுக்காரி பாடினாள், மெய்ரிக்கின் குரலில். பெரிய பெண். சின்னவன். நான்கு தொண்டையிலும் ஒரே குரல், அவர் இரண்டு குளிர்காலம் இரவல் கொடுத்த குரல். கரகரப்பும் இல்லை, கம்மலும் இல்லை. அவர் இளமையில்கூட அவ்வளவு அழகாகப் பாடியதில்லை. யாரோ ஒரு பெண் உருகிப்போய்ப் பெருமூச்சுவிட்டாள்.

பாட்டு முடிந்தது. இனி ஆசீர்வாதம். மெய்ரிக் கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார்.

காற்றுகூட வரவில்லை.

“சமாதானத்தோடே போங்கள்” என்றார் தொப்பிக்காரர், கையை உயர்த்தி. சபை தலைகுனிந்தது. கிஃபினும் குனிந்தார். ஹூவா முன்னால் நின்று ஆமென் என்றார், இருபது குரல்கள் ஆமென் என்றன. மெழுகுவத்தி சற்று உயர்ந்தது. தொப்பிக்குக் கீழே மெய்ரிக் தன் முகத்தைப் பார்த்தார். குல்லாய்க்குக் கீழேயும் அதே முகம். இன்னொரு குல்லாய்க்குக் கீழே. சின்னவனின் கழுத்துக்கு மேலே, ஐம்பத்து மூன்று வயதுச் சுருக்கங்களோடு.

அவர்கள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அன்பாகத்தான்.

கிஃபின் நோட்டை மூடினார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தொப்பிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஏழும் சரி மெய்ரிக், இனி யாரும் உங்களைக் கிளப்பமாட்டார்கள் என்றார். தொப்பிக்காரர் எல்லோரையும் குருமனைக்குக் காலை உணவுக்கு அழைத்தார். பிளகைன் முடிந்ததும் அழைப்பது வழக்கம்; ஒன்பது வருடத்தில் மெய்ரிக் அழைத்ததே இல்லை. ஜனங்கள் கலகலத்துக்கொண்டு எழுந்தார்கள். மெய்ரிக் பீடத்துப் படியிறங்கி ஓடினார். ஹூவாவின் முன்னங்கையைப் பிடித்தார். கிழவர் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு, குளிர் எலும்பைக் குத்துகிறது என்று கைனோரிடம் சொன்னார். பீடத்து மெழுகுவத்திகளை அணைத்தார். கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.

கதவைக் குத்தினார். ஓசை வரவில்லை. மறுபடி. ஓசையே இல்லை.

வடக்கு ஜன்னலுக்குப் போனார். மலைக்குப் பின்னால் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கீழே குருமனைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே போகிறவர்கள் காலணி மண்ணைப் படியில் தட்டிவிட்டுப் போனார்கள். புகைபோக்கி நேராகப் புகைந்தது. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், அசையும் தலைகள், கைனோரின் வெள்ளைக் குல்லாய், யாரோ சொன்ன வேடிக்கைக்கு எழுந்த பெரிய சிரிப்பு. அவருடைய நாற்காலியில், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவரே உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் ஆள் இருந்தது. எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது.

பேச்சுக்கு நடுவில், எதுவோ காதில் விழுந்ததுபோல், அந்த நாற்காலியில் இருந்தவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடியில் நெற்றியை வைத்து இருண்ட கோயிலைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு திரையை இழுத்து மூடினார்.